ஊருக்கெல்லாம் ஒரு சாவி

காந்திபுரத்தில் ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவே திறப்புக் கடைகள் முளைத்து அதிக காலம் ஆகவில்லை. அதற்குள் கோயமுத்தூரில் பாதிக் குடும்பங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. 'பழைய மெயில் திறந்து தரப்படும். காலமானவர்களுடையது என்றால் தள்ளுபடி உண்டு' என்று வாசலில் போர்டு வைத்திருந்தார்கள். எந்தக் கொம்பனாலும் திறக்க முடியாது என்று ஒரு காலத்தில் சத்தியம் செய்து கொடுத்த பூட்டுகளையெல்லாம், வெளிநாட்டில் எங்கோ குளிர் அறையில் உட்கார்ந்திருந்த புதுக் கணிப்பொறி வேர்க்கடலை உரிக்கிற மாதிரி உரித்துப் போட்டது. கடைக்காரருக்கு அதில் முறை பதிந்து கொடுப்பது மட்டும்தான் வேலை. செத்துப்போன அப்பாவின் மெயிலைத் திறந்து படித்துவிட்டுத் திவசம் கொடுப்பதை நிறுத்தியவர்கள் உண்டு. பெண் வீட்டார் ஜாதகத்தோடு மாப்பிள்ளையின் பழைய மெயிலையும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தப் பழைய மெயிலெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அது போன வழியில் யார் யாரோ பிரதி எடுத்து, என்றைக்காவது திறக்கும் என்று சேர்த்து வைத்திருந்தார்கள். இப்போது அதற்கென்றே ஒரு சந்தை உண்டாகி, ஊர்வாரியாக, கம்பெனிவாரியாக மூட்டை கட்டி விற்றார்கள்.

சுகிர்தா அந்தத் தெரு வழியாகத்தான் ஆபீசுக்குப் போகவேண்டும். போர்டுகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். அவள் வேலை பார்த்தது மறைச்சொல் வாரியத்தில். எந்த மென்பொருள் தன் பூட்டைப் பற்றி என்ன வார்த்தை சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று தீர்மானிக்கிற இடம். அவள் இளமையில் 'உடைக்க முடியாதது' என்று எழுதினார்கள். பிறகு அது 'உடைப்பது கடினம்' ஆயிற்று. அப்புறம் பூட்டு என்ற சொல்லே போய் 'மூடி' வந்தது. இப்போது சட்டப்படி 'இப்போதைக்கு மூடியது' என்றுதான் போடவேண்டும், பால் பாக்கெட்டில் போடுகிற மாதிரி எதுவரை தாங்கும் என்ற தேதியோடு. 'பாதுகாப்பானது' என்ற சொல்லை அறவே தடை செய்தவள் சுகிர்தாதான். அந்த ஒற்றைச் சொல்லை எந்தக் கம்பெனியாவது விளம்பரத்தில் போட்டுவிட்டால் அவளுக்கு முகம் சிவந்துவிடும். "மேடத்துக்கும் அந்த வார்த்தைக்கும் அப்படி என்ன வாய்க்கா வரப்புத் தகராறோ" என்று ஆபீசில் கேலி பேசுவார்கள். தகராறு இருக்கத்தான் செய்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ரங்கநாயகியிடமிருந்து போன் வந்தது. ரங்கநாயகி வருஷத்தில் ஒரு தடவை, பொங்கலுக்குத்தான் கூப்பிடுவாள்.

"சுகிர்தா, செங்கதிர்ல நம்ம மூட்டையை வாங்கிட்டாங்களாமா" என்றாள். "வர்ற மாசம் திறக்கறதுக்கு முறையும் பதிஞ்சாச்சாம். என்ற பையன் சோத்துல கைய வெச்சுக்கிட்டே சொல்றான், 'அம்மா, பெரியவரைக் கொன்னவங்க யாருன்னு இனித் தெரிஞ்சுபோயிரும், அந்த வேலையை முதலாளி என்கிட்டத்தான் குடுத்திருக்காரு'ன்னு. நான் குழம்பு ஊத்திட்டு இருந்தேன். அப்படியே இலையெல்லாம் ஊத்திட்டேன்."

"அக்கா, பதறாதீங்க" என்றாள் சுகிர்தா. டப்பாவை அப்படியே மூடி வைத்தாள்.

விஷயம் இதுதான். முப்பது வருஷத்துக்கு முன்னால் செங்கதிர் வால்வ்ஸ் என்ற கம்பெனி, சமையல் வாயு சிலிண்டருக்கான ரெகுலேட்டர்களைக் கசிவு சோதனையில் தோற்ற பிறகும் தேறியதாகச் சான்று போட்டு விற்றது. சூலூர்ப் பக்கம் வீடுகள் எரிந்தன. குழந்தைகள் செத்தன. அப்போது சுகிர்தாவும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து 'தாழ்' என்று ஒரு மென்பொருள் செய்திருந்தார்கள். மெயிலை எழுதிப் பூட்டி, எழுதியவரின் சாவி இருந்தால்தான் விழுகிற கையொப்பத்தையும் கணக்கு முறையில் போட்டு அனுப்பும். ஆலைக்காரர்களும் இங்கிலீஷ் தெரியாதவர்களும் பயன்படுத்தவேண்டும் என்று அதன் திரையில் வருகிற தமிழ்ச் சொல் ஒவ்வொன்றையும் சுகிர்தாவே உட்கார்ந்து உண்டாக்கினாள். அந்தத் தாழ் வழியாகத்தான் செங்கதிரின் உள்ளேயிருந்து உண்மையான சோதனை அளவுகள் வெளியே வந்தன. வழக்கு நடந்தது. கம்பெனியின் பெரியவர் ஜெயிலுக்குப் போய் அங்கேயே இறந்தார். அவர் மகன் விக்ராந்த் பிறகு கம்பெனியைத் தூக்கி நிறுத்தினார். காட்டிக் கொடுத்தவனை விடமாட்டேன் என்று அப்பா படத்துக்கு மாலை போடும் ஒவ்வொரு வருஷமும் தொழிலாளர்கள் முன்னால் சொல்வார்.

அளவுகளை எடுத்துக் கொடுத்தவள், அங்கே வேலை பார்த்த ரங்கநாயகி. இன்று அவள் குடியிருப்பது கம்பெனி வீடு. ஒரே மகன் கிருபாகரன் கம்பெனி மேனேஜர். ரகசியத்தை வெளியிட்டவர் மேல் எத்தனை வருஷம் கழித்தும் நஷ்டஈடு கேட்கலாம் என்று புதிதாகச் சட்டமும் வந்திருந்தது. மெயிலில் கையொப்பம் சரியாக இருந்தால் போதும், வேறு சாட்சி வேண்டாம்.

சுகிர்தா அன்று ஆபீசில் உட்காரவில்லை. எழுந்தாள், ஜன்னல் வரை போனாள், வந்தாள், மறுபடி போனாள். ஒரு வழி இருந்தது. ஆனால் அந்த வழியில் இன்னொருவர் குறுக்கே நின்றார்.

அவர் போத்தனூரில் இருந்தார். பெயர் தாமோதரன். செங்கதிரின் சோதனை அறைப் பொறுப்பாளராக இருந்தவர். பொய்ச் சான்றுகளில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். மிரட்டிப் போட வைத்தார்கள். மனசு கேட்காமல் முதல் மெயிலை எழுதியவரும் அவரே. கோர்ட்டில் அதை அவர் சொல்லவில்லை. சொன்னால், கூட இருந்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அவர் உள்ளே இருக்கும்போதே மனைவி இறந்தாள். பத்து வயதுப் பெண் கவின்மலரைப் பொள்ளாச்சியிலிருந்து மாமன் வந்து கூட்டிப் போனார். குழந்தைகளைக் கொன்ற கையெழுத்து என்று அந்தப் பெண் அப்பாவோடு பேசுவதில்லை.

தாமோதரன் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தாவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வா அம்மிணி. கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். திறக்கப் போறாங்களாமே!" என்றார்.

"உங்களுக்குப் பயமா இல்லீங்களாண்ணா?"

"பயமா? நான் முப்பது வருஷமா இதுக்குத்தான் உசிரை வெச்சிருக்கறேன். நான் வாயைத் திறக்க மாட்டேன்னு சொன்னேன், திறக்கல. இப்ப மெஷின் திறக்குது. அதுக்கு நான் என்ன பண்ண? அதுல என்ற கையொப்பத்தோட முதல் மெயில் இருக்கும். கவின்மலர் படிப்பா. அது போதும் சாமி, அப்பறம் விக்ராந்த் என் மேல கேஸ் போட்டாப் போடட்டும். என்கிட்ட என்ன இருக்குது, இந்தச் சைக்கிளா?"

சுகிர்தா எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அந்த மெயில்ல என்ன எழுதுனீங்க? ஞாபகம் இருக்குதுங்களா?"

"வரிக்கு வரி சொல்லுவேன். சான்றெல்லாம் பொய், நான்தான் கையெழுத்துப் போட்டேன், என்னால தூங்க முடியல. நிஜமான அளவுகளை ரங்கநாயகி அக்கா தனியா எடுத்து வெச்சிருக்காங்க, அவங்களையும் உங்க தாழ்ல சேத்துக்கங்க. இவ்வளவுதான்."

"பேரை எழுதுனீங்களா?"

"எழுதாம? அப்பத்தானே நீங்க தேடிப் போவீங்க."

"அண்ணா, பேரைப் போட்டிருக்கக் கூடாதுங்க."

தாமோதரன் துணியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஏன் அம்மிணி? எழுதி முடிச்சு அமுக்குனதும் பச்சை டிக் வந்து, 'பாதுகாப்பானது'ன்னு கொட்டை எழுத்துல போட்டுச்சே. நீதானே அதை எழுதி வெச்சே?"

அவளுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை போலிருந்தது. அந்த வார்த்தையைத் தேர்ந்தெடுத்த மத்தியானம் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நண்பர்கள் 'தற்போது பூட்டப்பட்டது' என்று வைக்கலாம் என்றார்கள். ஜனங்கள் பயந்து ஓடிவிடுவார்கள், தைரியம் கொடுக்கிற வார்த்தையாக இருக்கட்டும் என்று அடம்பிடித்தவள் அவள்தான்.

உள்ளே போய் உட்கார்ந்து, மெயில் திறந்தால் ரங்கநாயகியும் மாட்டிக்கொள்வாள் என்று மெல்ல விளக்கினாள். மகளையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. தாழ் செய்தபோது அவள் இன்னொரு காரியமும் செய்திருந்தாள். ஆலைக்காரர்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டு வந்து நிற்பார்கள். பாவமாக இருக்கிறதே என்று எல்லாருடைய கையொப்பச் சாவிக்கும் ஒரு பிரதி தன்னிடம் வைத்துக்கொண்டாள். தொழில் தெரிந்தவர்கள் கேட்டால் காறித் துப்புவார்கள். அடுத்தவர் சாவியை வைத்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம்.

"அந்தச் சாவி எல்லாம் இன்னும் என்கிட்ட இருக்குதுங்க. பூட்டை இனிக் காப்பாத்த முடியாது. அதனால சாவியை ஊருக்கே குடுத்தர்றேன்."

"என்ன சொல்றே? திருடனுக்குப் பயந்து கதவைக் கழட்டி வெளிய வெக்கறதா?"

"சாவி எல்லார் கையிலயும் இருந்தா, யாரு வேணும்னாலும் யார் பேர்லயும் கையொப்பம் போடலாமுங்க. பழைய தேதி போட்டு, தாழ்லயே பூட்டிச் சந்தையில விட்டா எது நிஜம், எது பொய்னு யாராலயும் சொல்ல முடியாது. உங்க மெயில் ஒண்ணு ரங்கநாயகி அக்கா பேரைச் சொல்லும். இன்னொண்ணு விக்ராந்தோட மாமனார் பேரைச் சொல்லும். எதை வெச்சுக் கேஸ் போடுவாங்க? முன்னாடி எங்க தொழில் ஆளுங்களுக்குள்ள இப்படி ஒரு வழக்கம் உண்டுங்க. பேசி முடிச்சதும் கையொப்பச் சாவியை வேணும்னே வெளிய வீசிருவாங்க. பேசுனது பேசுனவங்களோட போகட்டும்னு."

தாமோதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது.

"என்ற சாவியை மட்டும் வீசாம வெச்சுக்கோ" என்றார்.

"வெச்சுக்கலாமுங்க. உங்க மெயில் மட்டும் நிஜம்னு நிக்கும். அதுக்குள்ளதானே அக்கா பேரு இருக்குது."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி எழுந்து போனார். சுகிர்தா அவரைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மனுஷனிடம் இருந்த ஒரே சொத்தை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் மாட்டேன் என்று சொல்லவேண்டும் என்றுகூட உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. சொல்லிவிட்டால் அவள் தீர்மானிக்க வேண்டியதில்லை அல்லவா?

"அந்தக்கா நான் ஜெயில்ல இருந்தப்ப மாசாமாசம் என்ற பொண்ணுக்கு வளையல், ரிப்பன்னு வாங்கிக் குடுத்துவிட்டுச்சு. பேர் சொல்லாம" என்றார் தாமோதரன். "வீசு அம்மிணி. நல்லாத் தூர வீசு."

மறுநாள் சுகிர்தா வாரியத்துக்கு ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டு, தாழ் மென்பொருளையும் அதன் அத்தனை சாவிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வலையில் போட்டாள். 'எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் நீங்களும் கையொப்பம் இடலாம்' என்று மேலே ஒரு வரி எழுதினாள். அது போதுமானதாக இருந்தது. பழைய நண்பர்கள் ஆளுக்கு நூறு மெயில் எழுதினார்கள். இன்ஜினியரிங் கல்லூரி ஒன்றில் கலைவிழாப் போட்டியாகவே வைத்தார்கள். சந்தைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? மூட்டை பெருத்தால் அவர்களுக்கு லாபம். அவர்களே இயந்திரம் வைத்து எழுதித் தள்ளினார்கள். செங்கதிர் வாங்கிய மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'மேலும் முழுமையானது' என்று சொல்லிப் புது மூட்டையை அவர்கள் தலையிலேயே கட்டினார்கள். பழையது எது, புதியது எது என்று விற்றவனுக்கே தெரியாது.

திறக்கிற நாள் வந்தது. தாமோதரன் பெயரில் மட்டும் ஆயிரக்கணக்கில் மெயில்கள். ஒன்றில் அவர் காட்டிக் கொடுத்தது பெரியவரின் டிரைவர் சொல்லி. ஒன்றில் விக்ராந்தின் மாமனார் சொல்லி. ஒன்றில் தாமோதரன் தான் சந்திரனில் இருந்து எழுதுவதாகச் சொல்லியிருந்தார். எல்லாவற்றிலும் கையொப்பம் கச்சிதமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. அப்படியும் விக்ராந்த் நஷ்டஈடு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி நாலு மெயில் படித்துவிட்டு, ஐந்தாவதில் சிரிப்பை அடக்க முடியாமல் வழக்கைத் தள்ளினார். ரங்கநாயகி பெயர் சொன்ன மெயிலும் அந்தக் குவியலில் இருந்தது. கிருபாகரனே அதை அம்மாவிடம் படித்துக் காட்டி, "உன்னையும் விடல பாரு, வேலையத்த பசங்க" என்று சிரித்தானாம்.

சுகிர்தாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ராஜினாமா கொடுத்துவிட்டதால் போக இடமும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்தாள். போத்தனூருக்குப் போகவேண்டும் என்று தினமும் கிளம்புவாள், செருப்பை மாட்டுவாள், கழற்றுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயது இருக்கும். தாமோதரனின் நெற்றியும் மூக்கும் அப்படியே இருந்ததால் அவள் பெயரைச் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீங்கதானே அந்தச் சாவியெல்லாம் வெளிய விட்டவங்க?" என்றாள் கவின்மலர். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "என்கிட்ட ஒரு மெயில் இருக்குதுங்க. கோர்ட்ல குடுத்த அந்த ஆயிரத்துல ஒண்ணு. 'நான்தான் கையெழுத்துப் போட்டேன், என்னால தூங்க முடியல'ன்னு இருக்குது. மத்ததெல்லாம் விளையாட்டு மாதிரி இருக்குது, இது இல்ல. இது எங்கப்பா எழுதுனதா?"

"ஆமாம்மா. உங்கப்பா எழுதுனதுதான்."

"எப்படிச் சொல்றீங்க?"

"எனக்குத் தெரியும்மா. அன்னிக்கு அதை வாங்கிப் படிச்சவளே நான்தான்."

"நான் எப்படிங்க நம்பறது?" கவின்மலரின் குரல் உயர்ந்தது. "நானும் அந்தச் சாவியை எடுத்தேன். நேத்து எங்கப்பா பேர்ல நானே ஒரு மெயில் எழுதுனேன். 'கண்ணு, உங்கப்பன் கெட்டவனில்ல, உன்னை நினைக்காத நாளில்ல'ன்னு எழுதி, அவர் கையொப்பத்தைப் போட்டு, எனக்கே அனுப்பிக்கிட்டேன். பச்சை டிக் வந்துச்சுங்க. பாதுகாப்பானதுன்னு வந்துச்சு. அதைப் பார்த்துட்டு நான் முட்டாளு மாதிரி அழுதேன்."

சுகிர்தா அவள் கையைப் பிடித்தாள். சொல்ல அவளிடம் ஒரு சாட்சியும் இல்லை. இருந்த ஒன்றையும் அவளே தெருவில் போட்டுவிட்டாள்.

"உங்கப்பா போத்தனூர்லதானேம்மா இருக்காரு. போய்க் கேக்கலாமில்ல?"

"கேக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி உங்ககிட்டக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." கவின்மலர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மெஷின் சொல்றதெல்லாம் வேண்டாமுங்க. இதைக் காட்டி, நீங்க எழுதுனதான்னு கேப்பேன். அவர் வாயால ஆமான்னு சொன்னா நம்பிருவேன். இல்லைன்னு சொன்னா இதோட விட்டர்றேன்."

அவள் போய்விட்டாள். உக்கடம் பஸ் ஸ்டாண்டு போய், அங்கிருந்து போத்தனூர் பஸ் பிடிப்பதாகச் சொன்னாள்.

சுகிர்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தாமோதரன் ஆமாம் என்று சொல்லமாட்டார். அந்த மெயில் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால், அதற்குள் இருக்கிற பெயரும் உண்மை என்று ஆகிவிடும். யார் கேட்டாலும், மகளே வந்து நின்று கேட்டாலும், நான் எழுதவில்லை என்றுதான் அந்த மனுஷன் சொல்லுவார். முப்பது வருஷம் காத்துக்கொண்டிருந்த கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்லிவிட்டு, மகள் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

போனை எடுத்து ரங்கநாயகியைக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். சுகிர்தா தானாக எதுவும் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? இத்தனை பேர் பாடுபட்டு மூடி வைத்ததை நீயே திறந்துவிடு என்று எந்த வாயால் கேட்பது?

"அந்தப் பொண்ணு எதுல போகுது?" என்றாள் ரங்கநாயகி கடைசியில்.

"உக்கடம் போய் பஸ் மாறணுங்க்கா."

"அப்ப அதுக்கு முன்னாடி நான் போயிர்லாம். கார் இருக்குது. அவரை ஆமான்னே சொல்லச் சொல்லிர்றேன்." சேலையை உதறிக் கட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு யாரையோ அதட்டிக் கூப்பிட்டாள். மறுபடி போனுக்கு வந்தாள்.

"என்ற பையனைத்தான் ஓட்டச் சொல்லியிருக்கறேன்" என்றாள். "வழியில அவனுக்கும் சொல்லிக்கறேன்."